அன்டன் வீட்டுப் பக்கம் போன மூங்கில்

கிருபானந்தன் எதையும் வாய்விட்டுக் கேட்கிற மனுசன் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி நெஞ்சுக்குள் வந்து நின்றால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் இறங்கிவிடுவார். அப்படித்தான் 2004ஆம் ஆண்டு மே மாதம், மொன்றியலின் லசால் பகுதியில் இருக்கிற அவர்கள் வீட்டின் பின்பக்கத்துக்கு மூங்கில் வந்து சேர்ந்தது.

அது ஏன் வந்தது என்று அவருடைய மனைவி சிவமலருக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி நடிப்பதிலேயே அவளுக்கு நான்கு வருடம் போனது.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு கல்யாண வீடு. அருமைராசா என்று ஒருவர் இருக்கிறார். மொன்றியலில் எந்த வீட்டில் என்ன நடந்தது என்று அந்த வீட்டுக்காரருக்கு முன்னமே தெரிந்து வைத்திருப்பவர். அவர் சாப்பாட்டு மேசையில் கிருபானந்தனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வடையைக் கடித்தபடி சொன்னார்: "உங்கட மனிசியும் பிள்ளையும் ஐஸ் மழை நேரம் ஒன்பது நாள் பக்கத்து அன்டன்ர வீட்டிலயெல்லே நிண்டவை. பெண்சாதி இல்லாத தனி மனுசன் எண்டாலும், சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசன்."

நல்ல மனுசன் என்று சொல்லிக்கொண்டே நஞ்சை வைக்கிற கலை சிலருக்குத்தான் கைவரும். சிவமலர் எதிரே இருந்து அதைக் கேட்டாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காருக்குள் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், அளவு நாடாவோடு பின்வளவில் பக்கத்து வீட்டு வேலியின் நீளத்தை அளந்துகொண்டு நின்றார்.

ஐஸ் மழை என்றால் 1998 ஜனவரி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கொழும்பில் கிடந்து, மூன்று வயதுப் பிள்ளை சாம்பவியோடு சிவமலர் அகதியாக வந்து இறங்கி ஒரு வருடம் கழிந்திருந்தது. கிருபானந்தன் அப்போது ரியாத்தில் ஒரு தோட்டக் கொம்பனியில் வேலை. மனைவி பிள்ளையிடம் வந்து சேர அவருக்கு 2003 ஆனது. அந்த ஜனவரியில் வானத்திலிருந்து விழுந்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மின்கம்பங்கள் முறிந்து விழுந்தன. கரண்ட் போய் இரண்டாம் நாள், வீட்டுக்குள் வைத்த கிளாஸ் தண்ணீரின் மேல் ஏடு கட்டியது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. இருந்த கம்பளியெல்லாம் போர்த்தியும் சூடு ஏறவில்லை, பிள்ளை நடுங்குவதுகூட நின்றுவிட்டது. நடுங்குவது நின்றால்தான் ஆபத்து என்று சிவமலருக்கு யாரும் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அன்டன் கதவைத் தட்டினார். மன்னார்க்காரர், துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிறவர். மனைவி இறந்து மூன்று வருடம், ஒன்பது வயதில் றொசானா என்று ஒரு மகள். அவருடைய பேஸ்மென்றில் விறகு அடுப்பு இருந்தது. "தங்கச்சி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாங்கோ. யோசிக்க நேரமில்லை" என்றார். சிவமலர் யோசிக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் அடுப்புக்குப் பக்கத்தில் அவளும் இரண்டு பிள்ளைகளும் படுத்தார்கள். அன்டன் மேல்மாடியில் குளிருக்குள், தொப்பியும் கையுறையும் போட்டபடி படுத்தார். விறகு வைக்க மட்டும் கீழே வருவார். வரும்போது படியில் நின்று ஒரு தரம் இருமுவார்.

பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியில் அன்டன் இரண்டு பலகையைக் கழற்றிவிட்டார். பிள்ளைகள் அதற்குள்ளால் போய் வந்தார்கள். நத்தாருக்குக் கேக் வந்தது, பொங்கலுக்குப் பொங்கல் போனது. கிருபானந்தன் வந்து, வாடகைக்கு இருந்த வீட்டை வாங்கிய பிறகும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தது. அருமைராசா வடை சாப்பிடும் வரைக்கும்.

மூங்கில் விசயத்தில் கிருபானந்தனை மிஞ்ச ஆள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாய் திறவாத மனுசனுக்கு மூங்கில் என்றால் மட்டும் ஒரு மணித்தியாலம் கதை வரும். ரியாத்தில் பெரிய வீடுகளின் மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டு மாடி ஜன்னல் எட்டிப் பார்க்கும். வீட்டுப் பெண்கள் முற்றத்தில் உட்கார முடியாது. அங்கே மதிலோரம் மூங்கில் வைத்து மறைப்புக் கட்டுவதுதான் அவருடைய வேலை. இடுப்பளவு வாய்க்கால் வெட்ட வேண்டும். மணலை அள்ளிக் கொட்டிவிட்டு ஆட்டெருவும் கலவை மண்ணும் நிரப்ப வேண்டும். சொட்டுக் குழாய் போட்டு, முதல் கிழமை முழுக்கத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். சுடுகாற்று இலையைக் கருக்காமல் இரண்டு கோடைக்கு வலை கட்ட வேண்டும். மூன்றாம் வருடம் அந்த வீட்டுப் பெண்கள் முற்றத்தில் கதிரை போட்டு உட்காருவார்கள்.

ஏழு கன்று வான்கூவர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து பெட்டியில் வந்தது. குளிரைத் தாங்குகிற சாதி, தடியில் மஞ்சள் கோடு. கூடவே அச்சடித்த தாள் ஒன்றும் வந்தது. பத்து வயதுச் சாம்பவிதான் அதை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னாள். இந்த மூங்கிலின் அடிவேர் மண்ணுக்குக் கீழால் ஓடும், இரண்டரை அடி ஆழத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் தகடு புதைத்துத் தடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

கிருபானந்தன் சிரித்தார். "தகடோ? பதினொரு வீட்டுக்கு வச்சனான் பிள்ளை, ஒரு வீட்டுக்கும் தகடு தாக்கேல்லை. சொட்டுக் குழாய் எவ்வளவு தூரமோ, வேரும் அவ்வளவு தூரம்தான். அங்கால காஞ்ச மண். மூங்கில் அங்க என்னத்துக்குப் போகும்?"

பாலைவனத்தில் அது சரி. நனைந்த கீற்றைத் தாண்டினால் வேருக்குச் சாவு, அதைவிடப் பெரிய வேலி தேவையில்லை. ஏப்ரலில் பனி உருகி, தெரு முழுக்கச் சொதசொதவென்று ஈரமாய்க் கிடக்கிற ஊருக்கு அந்தக் கணக்கு ஒத்துவருமா என்று அவர் யோசிக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு வேறு யோசனை.

வாய்க்கால் வெட்டுகிற சத்தம் கேட்டு அன்டன் வேலிக்கு அங்கால் வந்து நின்றார். "தம்பி, அலவாங்கு தரட்டோ? நானும் வந்து ஒரு கை பிடிக்கிறன்."

"வேண்டாம் அண்ணை. எனக்குப் பழகின வேலை" என்றார் கிருபானந்தன், நிமிராமலே.

அன்று பின்னேரம் அந்த இரண்டு பலகையையும் ஆணி அடித்துப் பூட்டினார். ஒவ்வொரு அடியும் சமையலறையில் நின்ற சிவமலரின் நெஞ்சில் விழுந்தது. என்ன செய்கிறீர்கள் என்று போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் 'மறைப்பு' என்பார். யாரிடமிருந்து யாரை என்று அடுத்ததாகக் கேட்க வேண்டி வரும். அதை அவர்தான் முதலில் கேட்க வேண்டும் என்று அவளுக்கு வீம்பு. குற்றம் செய்யாதவள் ஏன் தானாகப் போய் விளக்கம் சொல்ல வேண்டும்? ஒருவரை ஒருவர் விஞ்சிய அழுத்தக்காரர்கள். அப்படியே நாள் போனது.

முதல் குளிர் காலத்துக்கு அவர் பட்ட பாடு தெருவுக்கே வேடிக்கை. ரியாத்தில் சுடுகாற்றுக்கு வலை கட்டியவர் இங்கே குளிர் காற்றுக்கு என்ன செய்வது என்று பார்த்தார். பாஸ்மதி அரிசி வருகிற சாக்குகளைச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, வேலி நீளத்துக்குத் திரையாகக் கட்டினார். பற்றாததற்குக் கோயில் மடைப்பள்ளியிலிருந்தும் கொண்டுவந்தார். சாக்கில் அச்சடித்திருந்த யானைப் படமெல்லாம் அன்டன் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அப்படியும் மார்ச் மாதம் திரையை அவிழ்த்தபோது தடிகள் வைக்கோல் நிறத்தில் செத்துப்போய் இருந்தன. சிவமலர் உள்ளுக்குள் சந்தோசப்பட்டாள், அதற்காக வெட்கமும் பட்டாள். ஜூன் மாதம் அடியிலிருந்து புதுக் குருத்துகள் வெளிக்கிட்டன. அடுத்த வருடம் இன்னும் தடிப்பாக. மூன்றாம் வருடம் ஆளுயரத்துக்கு மேல் போய், சமையலறை ஜன்னலின் பின்னேர வெளிச்சத்தை முழுவதுமாக மறித்தது.

கிருபானந்தன் அதற்கு முன்னால் ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டார். "இப்ப நீர் நிம்மதியா வெளியில இருக்கலாம்" என்றார்.

அவள் ஒரு நாளும் அதில் உட்காரவில்லை. உட்கார்ந்தால், மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று தன்னிடம் இருந்ததாக ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள். அன்டனைத் தெருவில் கண்டால் 'சுகமோ' என்று கேட்டுவிட்டு நடந்தாள். தன் பிள்ளையைச் சாகாமல் காத்த மனுசனிடம் ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியாமல் போனதை நினைத்து, வேலை செய்கிற கார்டெறி என்ற பிள்ளைகள் காப்பகத்தின் சமையலறையில் வெங்காயம் வெட்டுகிற சாட்டில் எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள்.

2007இல் தொடங்கின குளிர் காலத்தில் விழுந்த பனி சும்மா பனி இல்லை. வேலி தெரியாமல் மூடி, ஏப்ரல் வரைக்கும் கிடந்தது. ஆட்களுக்கு அது கொடுமை, மூங்கிலின் வேருக்குப் பஞ்சு மெத்தை.

மே மாதத்து ஒரு சனிக்கிழமை, ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸால் இறங்கி வந்த சிவமலர், அன்டனுடைய வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். வீடு விற்பனைக்கு என்ற பலகை இரண்டு கிழமையாக அங்கே இருக்கிறது, அது புதினமில்லை. பலகைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு குப்பைப் பைகள் வரிசையாக இருந்தன. ஒரு பை கிழிந்து, மஞ்சள் கோடு போட்ட தடியும் கணுக்கணுவான வேரும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் அந்த வீட்டின் பின்பக்கம் போனாள். அன்டன் முழங்காலில் இருந்து அலவாங்கால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். புல்வெளி முழுக்கக் குருத்து. பேஸ்மென்ற் சுவரடியில் பதித்த சீமெந்துக் கல்லில் மூன்றைக் குருத்து நிமிர்த்திவிட்டிருந்தது.

"எப்ப இருந்து அண்ணை?" என்றாள்.

"போன வருசம் ஏழெட்டுத்தான் வந்தது. வெட்டிப்போட்டன். இந்த வருசம்தான் இப்பிடி." நெற்றியைத் துடைத்தார். வலது தோளை உயர்த்த முடியாமல் கஷ்டப்படுகிறார் என்று பார்க்கவே தெரிந்தது. "றொசானாவுக்கு ரொறன்ரோவில படிக்க இடம் கிடைச்சிருக்கு தங்கச்சி. வீட்டை வித்துப்போட்டு நானும் போவம் எண்டு பாத்தன். வாங்க வந்தவை இதைக் கண்டிட்டு, ஜூன் முடியிறதுக்குள்ள வேரோட எடுத்தால்தான் வாங்குவம் எண்டினம்."

"ஏன் எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

அன்டன் அலவாங்கைப் புல்லில் வைத்தார். பிறகு, "சொல்ல வந்தால், நான் உங்கட வீட்டுக் கதவைத் தட்ட வேணும். நான் தட்டினா உங்களுக்குத்தானே கரைச்சல்" என்றார்.

சிவமலர் தலை நிமிர்ந்து தன் வீட்டைப் பார்த்தாள். மூங்கில்தான் தெரிந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. கணவனில் பாதி, தன்னில் பாதி. இரண்டு பேருடைய அழுத்தத்துக்கும் இந்த மனுசன் முழங்காலில் நின்று கூலி கட்டுகிறார்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கிருபானந்தன் புவாண்ட்-கிளேர் வெயர்ஹவுஸ் வேலையிலிருந்து வந்து, தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார். மேசையின் மறுமுனையில் சாம்பவி பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது பதினான்கு வயது.

சிவமலர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உங்கட மூங்கில் அன்டன் அண்ணையின்ர வளவு முழுக்கப் போயிட்டுது. சுவரடிக் கல்லைக் கிளப்பிப்போட்டுது. அதால அவற்ற வீடு விலைப்படாமல் நிக்குது. ஏலாத தோளோட அந்தாள் தனியக் கிண்டுது."

கிருபானந்தன் கிளாஸை வைத்தார். வேர் எப்படித் தாண்டியது என்று கேட்டிருக்கலாம். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அவர் வாயில் வந்தது வேறு.

"நீர் எப்ப அங்க போனனீர்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. சிவமலர் கதிரையை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உந்தக் கேள்வியைத்தானே நாலு வருசமா வேலி நீளத்துக்கு நட்டு வச்சிருக்கிறீங்கள். இப்பவாவது வாயைத் திறந்து கேளுங்கோ."

"நான் ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப நான் கேக்கிறன். ஐஸ் மழைக்கு நாங்கள் அங்க நிக்கேக்க ரியாத்துக்குப் போன் எடுத்தனான். அன்டன் அண்ணையோட நீங்களும் கதைச்சனீங்கள். 'என்ர குடும்பத்தைக் காப்பாத்திப் போட்டீங்கள் அண்ணை' எண்டு அழுதனீங்கள். மறந்துபோனீங்களோ?"

"மறக்கேல்லை." அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "ஆனா அந்தாளுக்குப் பெண்சாதி இல்லை எண்டு நீர் அப்ப சொல்லேல்லை."

அது உண்மை. அவள் சொல்லவில்லை. பத்து வருடமாக அந்த ஒரு சொல் அவளுடைய தொண்டையில் இருந்தது.

"ஓம், சொல்லேல்லை. வேணுமெண்டுதான் சொல்லேல்லை. சொல்லியிருந்தா எங்களை அங்க நிக்க விட்டிருப்பீங்களோ?"

'இதென்ன கேள்வி, விட்டிருப்பேன்' என்று ஒரு சொல் போதும். பொய்யென்றாலும் அவள் அதை வாங்கிக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழித்திருப்பாள். ஆனால் கிருபானந்தனுக்குப் பொய் சொல்ல வராது. அது நல்ல குணம் என்று கல்யாணம் பேசும்போது சொன்னார்கள்.

"இல்லை" என்றார். "விட்டிருக்க மாட்டன். திரும்ப வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பன்."

பிறகு, பாரம் இறங்கினவர் மாதிரி அவசரமாகச் சொன்னார்: "உம்மை நான் சந்தேகப்படேல்லை சிவமலர். சத்தியமா ஒரு நாளும் இல்லை. நாலு சனம் பாத்து ஒண்டு சொல்லக்கூடாது எண்டுதான். அதுக்குத்தான் உந்த மூங்கிலும்."

இந்த வார்த்தைக்குத்தான் அவள் நான்கு வருடம் காத்திருந்தாள். வந்துவிட்டது. வந்த பிறகு அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. சந்தேகம் என்றால் சாட்சி காட்டலாம், சத்தியம் பண்ணலாம், அழுது தீர்க்கலாம். இந்த மனுசனிடம் சந்தேகமே இல்லை. அவள் சுத்தம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அந்த உறைந்த வீட்டுக்குத் திரும்பிப் போ என்று சொல்லியிருப்பார். அருமைராசா வடை தின்னுகிற இடத்தில் தன் பெயர் கெடாமல் இருந்தால் போதும். சந்தேகம் எவ்வளவோ மேல் என்று அவளுக்குப் பட்டது.

கிருபானந்தன் எழுந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. எல்லாம் கதைத்து முடிந்தது என்று நினைத்தார் போலும். "நான் இப்பவே போய்க் கிண்டி எடுத்துக் குடுக்கிறன். அன்டன் அண்ணையிட்ட மன்னிப்பும் கேக்கிறன். ஒரு கிழமை லீவு போட்டா ரெண்டு பக்கமும் ஒரு வேர் மிச்சமில்லாமல் எடுத்துப்போடலாம்." கதவடியில் குந்தி, தோட்டத்துக்குப் போடுகிற சப்பாத்தில் ஒன்றை மாட்டினார்.

"அப்பா."

சாம்பவி பென்சிலைக் கீழே வைத்திருந்தாள். அவள் இருப்பதையே இரண்டு பேரும் மறந்துபோயிருந்தார்கள். பிரெஞ்சில்தான் அவளுக்குக் கோபமும் சந்தோசமும் சரளமாக வரும். இதைத் தமிழில் கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"நானும்தானே அங்க நிண்டன். எனக்கு நாலு வயசு. என்னையும் திருப்பி அனுப்பியிருப்பீங்களா?"

கிருபானந்தன் ஒரு சப்பாத்தோடு அப்படியே இருந்தார். அந்த ஒன்பது நாளைப் பற்றி எத்தனையோ இரவு யோசித்த மனுசன். அந்த வீட்டில் ஒரு ஆம்பிளையும் ஒரு பொம்பிளையும் இருந்ததாகத்தான் அவருடைய கணக்கு. குளிரில் நீலம் பாரித்த ஒரு பிள்ளை அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. பொய் சொல்லத் தெரியாதவருக்கு அந்த இடத்தில் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை.

சிவமலருக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. அவருக்காக இல்லை. பிள்ளை தகப்பனின் முகத்தைப் படித்துக்கொண்டு இருந்தாள். இன்னும் ஒரு கணம் விட்டால் முழுவதையும் படித்துவிடுவாள்.

"விசர்க் கதை கதையாதை பிள்ளை" என்று சிரிக்கப் பார்த்தாள் சிவமலர். "உன்னை அப்பா விடுவாரோ? நீ எண்டா அவருக்கு உயிரெல்லே. அவர் சும்மா என்னோட கோபத்தில சொல்லுறார்."

சாம்பவி தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் தகப்பனிலேயே இருந்தது.

"அம்மா, நான் உங்களைக் கேக்கேல்லை."